ஸ்பேர் சரக்கை 30 சதவீதம் குறைக்கச் சொன்னால் எங்கே கை வைப்பது?

பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு பேக்கேஜிங் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருக்கும் நண்பர் கேட்டிருப்பது இது. ஸ்டோரில் சுமார் 4,000 ஐட்டம், ஒன்றரைக் கோடி ரூபாய்ச் சரக்கு. புதிதாக வந்திருக்கும் பிளான்ட் ஹெட் மார்ச்சுக்குள் அதை 30 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். மூன்று வருஷமாக அசையாத சரக்கு எது என்று பட்டியல் எடுத்தால் பாதிக்கு மேல் அதில் வந்து நிற்கிறது. மெயின்டனன்ஸ் மேனேஜரோ ஒரு போல்ட்டைக்கூடத் தொடவிட மாட்டேன் என்கிறார். ஏபிசி அனாலிசிஸ் போட்டால் போதுமா, எதை வைப்பது, எதைத் தள்ளுவது?

ஏபிசி போதாது. முதல் வேலையாக அதைப் போட்டால் கெடுதல்கூட வரும். ஏபிசி என்பது ஒரு வருஷத்தில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பணம் செலவாகிறது என்று வரிசைப்படுத்துவது. கியர் ஆயில், கிரீஸ், கட்டிங் பிளேடு, கையுறை, காட்டன் வேஸ்ட் மாதிரி நாள்தோறும் கரையும் பொருள்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஸ்பேருக்கு வந்தால் கதை மாறுகிறது. நாலு லட்சம் ரூபாய் சர்வோ டிரைவ் மூன்று வருஷமாக எடுக்கப்படவில்லை என்றால் அதன் வருடச் செலவு பூஜ்யம். அது 'சி'யில் போய் உட்கார்ந்துகொள்ளும், பக்கத்திலேயே நாற்பது ரூபாய் ஓ-ரிங்கும் இருக்கும். 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் எழுதிய சிக்கன ஆர்டர் அளவு வாய்பாடும் இப்படித்தான். தேவை ஒரே சீராக ஓடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. எப்போதாவது ஒன்று கேட்கும் பொருளுக்கு அதைப் போட்டால் வரும் விடைக்கு அர்த்தம் இருக்காது.

அதேபோல, அந்த அசையாத சரக்கு (நான்-மூவிங்) பட்டியலைக் கழிவுப் பட்டியல் என்று யாரும் எடுத்துக்கொள்ள விடாதீர்கள். காரில் இருக்கும் ஸ்டெப்னி மூன்று வருஷமாக இறங்கவில்லை என்பதற்காக அதைக் கழற்றி விற்பவர் யாரும் இல்லை. மெயின் கியர்பாக்ஸின் பினியன் ஷாஃப்ட், பெரிய மோட்டார், மெஷினை இயக்கும் கன்ட்ரோல் கணினியான பிஎல்சியின் சிபியு எல்லாம் அந்த வகை. இன்ஷூரன்ஸ் ஸ்பேர் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். அசையாமல் இருந்தால் மெஷின் நன்றாக ஓடுகிறது என்று பொருள். ஆனால் மெயின்டனன்ஸ் மேனேஜரின் பக்கமும் முழு நியாயம் இல்லை. அந்தப் பட்டியலில் பாதி இன்ஷூரன்ஸ் ஸ்பேராக இருக்க வாய்ப்பே கிடையாது. நான் பார்த்த ஸ்டோர்களில் அசையாத சரக்கு பெரும்பாலும் வேறு வழிகளில் வந்திருக்கும். மெஷின் வாங்கியபோது 'இரண்டு வருஷ ஸ்பேர்' என்று விற்பவரே தலையில் கட்டியது, எப்போதோ கழற்றி விற்றுவிட்ட மெஷினின் பாகங்கள், ஒன்று கேட்டதற்கு மினிமம் ஆர்டர் பத்து என்று வந்து சேர்ந்தது, ஒரே பொருளை நாலு பெயரில் நாலு தடவை வாங்கியது.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? நான் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு நாள் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்வேன். இது கெடப்போகிறது என்று எத்தனை நாள் முன்னால் நமக்குத் தெரியும்? ஆர்டர் போட்டால் கைக்கு வர எத்தனை நாள் ஆகும்? முதல் எண் பெரியதாக இருந்தால் அந்தப் பாகத்தை வாங்கி வைக்க அவசியமே இல்லை, விலை எதுவானாலும். ஒரு புளோயரின் பெரிய பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேய ஆரம்பித்தால் வைப்ரேஷன் ரீடிங் மெதுவாக ஏறும், அப்புறம் சத்தம் வரும், கடைசியில்தான் சூடு. மாதாமாதம் ரீடிங் எடுக்கிறவர்களுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். பேரிங் இரண்டு வாரத்தில் வரும் என்றால் அது நம் ரேக்கில் தூங்க வேண்டியதில்லை, டீலரின் ரேக்கில் தூங்கட்டும். பிஎல்சியின் இன்புட் கார்டு அப்படி இல்லை. நேற்று ராத்திரி வரை நன்றாக இருக்கும், காலையில் செத்திருக்கும். சொலினாய்டு காயில், பிராக்ஸிமிட்டி சென்சார், பவர் சப்ளை யூனிட் எல்லாம் இந்த ஜாதி. முன்னறிவிப்பு இல்லாதவற்றுக்கு, வர நாளாகிறது, லைனும் நிற்கும் என்றால், மறுபேச்சில்லாமல் கையில் ஒன்று வேண்டும்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வைப்ரேஷன் பேனா வாங்கி டிராயரில் பூட்டி வைத்திருக்கும் ஆலைக்கு முன்னறிவிப்பு என்பது கிடையாது. ரீடிங் எடுக்கும் ஆள் யார், கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் பேரிங்கை வாங்கியே வையுங்கள். நன்றாக நடக்கும் மெயின்டனன்ஸ்தான் ஸ்டோரைச் சின்னதாக்கும். ஸ்டோர்ஸ்காரர் தனியாக உட்கார்ந்து குறைக்கக்கூடிய விஷயமல்ல இது. உங்கள் பிளான்ட் ஹெட்டிடம் முதலில் சொல்ல வேண்டியதும் இதைத்தான்.

இரண்டு எண்ணோடு இன்னும் இரண்டு கேள்வி சேரும். இந்தப் பாகம் போனால் என்ன நிற்கும்? இரண்டு பம்ப் இருந்து ஒன்று ஸ்டாண்ட்பையில் இருந்தால், அந்த ஸ்டாண்ட்பை பம்ப்தான் உங்கள் ஸ்பேர். அதற்கும் ஒரு முழு செட் உள்ளே வைப்பது இரட்டைச் செலவு. ஆனால் அந்த ஸ்டாண்ட்பை வாராவாரம் ஓடிப் பார்க்கப்படுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, இதை இங்கேயே செய்ய முடியுமா, ரிப்பேர் செய்ய முடியுமா?

இந்த இடத்தில் பெங்களூருக்காரர்களுக்கு ஒரு வரம் உண்டு, பாதிப் பேர் அதைப் பயன்படுத்துவதில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் டர்னிங், மில்லிங், கியர் ஹாபிங், கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும். ஷாஃப்ட், புஷ், ஸ்ப்ராக்கெட், சாதாரண ஸ்பர் கியர் மாதிரி சாமான்களை நாள் கணக்கில் செய்து வாங்கிவிடலாம். உங்கள் பக்கம் ஜிகணியிலும், அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூரிலும் இதே வசதி உண்டு. ஆனால் உடைந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போய் 'இதே மாதிரி ஒன்று' என்று கேட்டால், தேய்ந்த அளவிலேயே புதிதாக ஒன்று செய்து தருவார்கள். வேண்டியது டிராயிங். பேரிங் உட்காரும் இடத்தின் டாலரன்ஸ், கீ-வே அளவு, மெட்டீரியல் இஎன்8 எஃகா இஎன்24 எஃகா, கடினம் எவ்வளவு என்று எழுதின ஒரு தாள். மெஷின் அடுத்த ஷட்டவுனில் திறக்கும்போது, நல்ல நிலையில் இருக்கும் பாகத்தை அளந்து டிராயிங் போட்டு வைத்துக்கொண்டால், அந்தப் பாகத்தை ரேக்கிலிருந்து எடுத்துவிடலாம். எண்பதாயிரம் ரூபாய் ஷாஃப்டுக்குப் பதில் ஒரு ஃபைல். இரண்டு பாகம் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் வைத்து, கூடவே இஎன்24 ராடு ஒரு நீளம் வாங்கிப் போட்டு வைக்கிறவர்களும் உண்டு. நல்ல யோசனைதான்.

கடைச் சரக்கும் அப்படித்தான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளிலும் பீன்யா டீலர்களிடமும் அன்றைக்கே கிடைக்கும் கான்டாக்டர், எம்சிபி, சாதாரண பேரிங், வி-பெல்ட் எல்லாவற்றையும் பத்துப் பத்தாக அடுக்கி வைத்தால், எஸ்.பி. ரோட்டின் ஒரு கிளையை நீங்கள் இலவசமாக நடத்துகிறீர்கள். நைட் ஷிஃப்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் என்று ஒன்றிரண்டு போதும். பேரிங்கை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்குங்கள், பில்லோடு. போலிச் சரக்கு அச்சு அசலாக டப்பாவோடு வருகிறது. எஸ்கேஎஃப் நிறுவனம் சந்தேகமான சரக்கைப் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்க ஒரு கைப்பேசிச் செயலியே வைத்திருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இறக்குமதிப் பாகங்களுக்கு நேரெதிர். லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டு கைக்கு வர ஆகும் நாள், என்று கணினியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். முதல் தடவை ஐட்டம் கோடு (பொருளுக்கான குறியீட்டு எண்) போட்டபோது யாரோ அடித்துவிட்டுப் போன எண்ணாக இருக்கும். கடைசி மூன்று ஆர்டரில் ஆர்டர் தேதிக்கும் சரக்கு வந்து சேர்ந்ததைப் பதியும் ஜிஆர்என் தேதிக்கும் என்ன இடைவெளி என்று எடுத்துப் பாருங்கள். 2023 கடைசியில் செங்கடல் பக்கம் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர ஆரம்பித்தபோது ஐரோப்பியச் சரக்குக்குச் சுமார் 10 முதல் 14 நாள் கூடிவிட்டது. எத்தனை பேர் அதைக் கணினியில் மாற்றினார்கள்?

எலக்ட்ரானிக்ஸில் இன்னொரு கவலை, பாகமே சந்தையை விட்டுப் போவது. சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சி நம் ஊர் ஆலைகளில் எங்கு பார்த்தாலும் இருக்கிறது. 2023 அக்டோபரோடு அந்தக் குடும்பம் விலக்கல் கட்டத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச காலத்துக்கு ஸ்பேராகக் கிடைக்கும், விலை மட்டும் இறங்காது. இந்த மாதிரிப் பாகங்கள் உங்களிடம் அசையாமல் இருந்தால், அவை குறைக்க வேண்டிய சரக்கல்ல, கூட்ட வேண்டிய சரக்கு. அப்புறம், ரேக்கில் ஸ்பேர் சிபியு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இப்போது ஓடும் எஸ்7-300 சிபியுக்கள் மைக்ரோ மெமரி கார்டு இல்லாமல் வேலை செய்யாது. அந்தக் கார்டு தனியாக வாங்கப்பட்டதா, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் பேக்கப் யாரிடம் இருக்கிறது, அதை ஏற்றும் கேபிள் எங்கே? இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றால், ஸ்பேர் இருந்தும் லைன் நிற்கத்தான் போகிறது. வேலையை விட்டுப் போன இன்ஜினியரின் லேப்டாப்பில் பேக்கப் இருப்பது மிகவும் சாதாரணம்.

இப்போது நீங்கள் உடனே ஆரம்பிக்க வேண்டிய வேலைக்கு வருகிறேன். ஒரே பொருள் பல பெயரில் இருப்பதைப் பிடிப்பது. 4,000 ஐட்டம் என்கிறீர்கள். உண்மையில் அத்தனை இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். 6205 பேரிங்கை உங்கள் கணினியில் தேடிப் பாருங்கள். 'பேரிங் 6205 இசட்இசட்' என்று ஒரு கோடு, 'பால் பேரிங் 6205-2இசட்' என்று ஒன்று, கம்பெனிப் பெயரை முன்னால் போட்டு ஒன்று. நாலாவதுதான் வில்லங்கமானது. மெஷின் தயாரித்த கம்பெனியின் சொந்தப் பார்ட் நம்பரில், 'கன்வேயர் ரோலர் பேரிங்' என்ற பெயரில், பல மடங்கு விலையில் ஒன்று. டப்பாவைத் திறந்து வளையத்தின் ஓரத்தை டார்ச் அடித்துப் படித்தால் அதிலும் 6205 என்றுதான் பொறித்திருக்கும். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும், 04-இலிருந்து 96 வரை. 6305-க்கும் உள்விட்டம் அதே 25தான், ஆனால் வெளிவிட்டம் 62, அகலம் 17. அதனால் 'இரண்டும் 25தானே' என்று சேர்த்துவிடாதீர்கள்.

சேர்க்கும்போது எண்ணுக்குப் பின்னால் வரும் வாலைக் கவனியுங்கள். இசட்இசட் என்பதும் 2இசட் என்பதும் ஒன்று, இரண்டு பக்கமும் தகட்டு மூடி. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல்; தூசும் தண்ணீரும் உள்ள இடத்துக்கு அது, வேகமாகச் சுற்றும் சூடான இடத்துக்குத் தகட்டு மூடி. சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி சாதாரணத்தைவிடக் கூடுதல். மோட்டார்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள், சூட்டில் விரிவடைய இடம் வேண்டுமே. சி3 போட வேண்டிய இடத்தில் சாதாரணத்தைப் போட்டால் ஓடும், ஆனால் சூடாகிச் சீக்கிரம் போகும். ஆகவே, எண், மூடி, இடைவெளி மூன்றும் ஒத்தால் மட்டும் ஒரே கோடு. ஓ-ரிங்குக்கு உள்விட்டம், கம்பியின் தடிமன், ரப்பர் வகை. நைட்ரைலும் கறுப்பு, வைட்டானிலும் கறுப்பு உண்டு. கண்ணால் பார்த்துக் கலந்து வைத்தால், 100 டிகிரி வரை தாங்கும் நைட்ரைல் 180 டிகிரி இடத்தில் போய் உட்கார்ந்து கருகும்.

விவரம் எழுதும் முறை எளிது. பொருளின் பெயர் முதலில், பிறகு வகை, அளவு, வால், கடைசியில் கம்பெனி. எல்லோரும் ஒரே வரிசையில். இதை ஒரு ஆள் மட்டும் செய்ய வேண்டும், எல்லாருக்கும் கோடு திறக்கும் உரிமை கொடுத்தால் ஆறு மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும்.

அடுத்தது பீரோ. உங்கள் ஆலையின் உண்மையான ஸ்டோர் ஒன்றரைக் கோடி அல்ல. மெயின்டனன்ஸ் அறையின் இரும்பு பீரோ, பேனலுக்குப் பின்னாலுள்ள அட்டைப்பெட்டி, ஃபிட்டரின் டூல் பாக்ஸ் மூன்றும் கணக்கில் வராத இன்னொரு ஸ்டோர். எல்லாம் செலவு எழுதி எடுத்துப் போனவைதான், அதனால் கணினிக்குத் தெரியாது. கணினியில் பூஜ்யம், பீரோவில் ஆறு, ஸ்டோர்ஸ் இன்னும் நாலுக்கு ஆர்டர் போடும். நான் வேலை பார்த்த இடத்தில் சீனியர் ஃபிட்டர் அண்ணன் ஒருவர், வாணியம்பாடிக்காரர், தன் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பிராக்ஸிமிட்டி சென்சார் வைத்திருந்தார். துணியில் சுற்றி, ஒவ்வொன்றிலும் எந்த மெஷின், எந்த இடம் என்று மார்க்கரில் எழுதி. ஸ்டோர்ஸ்காரர்களின் ரேக்கைவிட ஒழுங்கு. ஏன் அண்ணே இது என்று கேட்டதற்கு, 'ராத்திரி ரெண்டு மணிக்கு சாவி யார்கிட்ட இருக்குன்னு நீ சொல்லு, நான் இதைத் திருப்பிக் கொடுக்கிறேன்' என்றார்.

பதுக்கல் நோய் அல்ல, அறிகுறி. ராத்திரியில் சாவி கிடைக்க வேண்டும், ஸ்லிப் எழுதினால் ஐந்து நிமிடத்தில் சாமான் வர வேண்டும், கணினி 'இரண்டு' என்றால் பெட்டியில் இரண்டு இருக்க வேண்டும். இது சரியாகாமல் பீரோவைப் பறிமுதல் செய்தால் அது லாக்கருக்குப் போகும், லாக்கரைத் திறந்தால் வீட்டுக்குப் போகும். நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் ஒரு சாவியும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுங்கள். மெஷினுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டிய சென்சார், ஃபியூஸ் மாதிரி சாமான்களுக்கு அங்கேயே ஒரு பூட்டிய பெட்டி வையுங்கள், ஆனால் அது ஸ்டோர் கணக்கில் தனி இடமாக (பின் லொக்கேஷன்) இருக்கட்டும். பீரோக்களைத் திறக்கச் சிறந்த நாள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எப்படியும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைப்பார்கள், மனசும் நல்லபடியாக இருக்கும். அன்றைக்கு ஒரு நோட்டோடு போய் நில்லுங்கள். எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்கக் கூடாது என்பதை மட்டும் மேனேஜரிடம் முன்பே பேசிவிடுங்கள். மார்ச் கெடுவுக்கு அது ஒத்துவராவிட்டால், பொங்கலுக்கு முந்தின போகியைக் காரணம் சொல்லுங்கள், நம் ஆட்களுக்குப் புரியும்.

எத்தனை வைப்பது என்ற கேள்விக்குக் கொஞ்சம் கணக்கு. எப்போதாவது கெடும் பாகங்களுக்குப் பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கு நன்றாகவே பொருந்தும். எக்செலில் அதற்கு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு என்கோடர் வருஷத்துக்குச் சராசரி 2 போகிறது, வாங்க 3 மாதம் ஆகிறது என்று வையுங்கள். அந்த 3 மாதத்தில் எதிர்பார்க்கும் தேவை அரை. ஆர்டர் போடும் அன்று கையில் 1 இருந்தால், அது வருவதற்குள் இரண்டாவதும் தேவைப்பட்டுத் திண்டாடும் வாய்ப்பு சுமார் 9 சதவீதம். கையில் 2 இருந்தால் சுமார் 1.4. மூன்றாவது வைத்தால் வாய்ப்பு 0.2-க்கும் கீழே போகும். அந்த மூன்றாவதுக்குப் போட்ட பணம் தண்டம். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. டீலரிடம் பேசி அதே என்கோடரை ஒரு மாதத்தில் தர வைத்தால், கையில் 1 மட்டும் இருந்தாலே வாய்ப்பு 1.2 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. அதாவது லீட் டைமைக் குறைப்பதும் ஒரு என்கோடர் வாங்கி வைப்பதும் ஏறக்குறைய ஒன்றே. ரேட் கான்ட்ராக்ட் போடும்போது விலையில் இரண்டு சதவீதத்துக்கு மல்லுக்கட்டுவதைவிட இதைக் கேட்டு வாங்குங்கள். 9 சதவீதம் போதுமா, 1.4 வேண்டுமா என்பது லைன் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பதைப் பொறுத்தது. அந்த எண்ணை உங்கள் புரொடக்‌ஷன் ஆட்கள்தான் தர வேண்டும், எழுத்தில்.

வைத்திருக்கும் சரக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் குறைப்பு வேலையில் சேரும். ரப்பருக்கு ஆயுள் உண்டு. ஐஎஸ்ஓ 2230 தரநிலை, சரியாகச் சேமித்தால் பாலியூரித்தேனுக்கு 5 வருஷம், நைட்ரைலுக்கு 7, வைட்டான், சிலிக்கானுக்கு 10 என்று ஆரம்ப ஆயுள் சொல்கிறது. பரிசோதித்துப் பார்த்து நீட்டிக்கலாம். 2012-இல் வாங்கின ஹைட்ராலிக் சீல் கிட் ரேக்கில் இருந்தால் அது சரக்கு அல்ல. வி-பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டிருந்தால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்திருக்கும். பேரிங்கைப் படுக்க வைக்க வேண்டும், சொந்த உறையோடு, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, கம்ப்ரஸர் அறைச் சுவரை ஒட்டிய ரேக்கில் வைக்கக் கூடாது. நிற்கும் பேரிங்கில் அதிர்வு தொடர்ந்து விழுந்தால் உருளைகள் வளையத்தில் தழும்பு போட்டுவிடும். புதுப் பேரிங் போட்ட அன்றே சத்தம் போடுகிறதே என்று அப்புறம் முழிப்பீர்கள். பெரிய மோட்டாரின் ஷாஃப்டை மாதம் ஒரு முறை கையால் சில சுற்றுச் சுற்றி, வேறு நிலையில் நிறுத்துவதும் இதற்காகத்தான். 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்து வைண்டிங்கையும் பார்த்து எழுதி வையுங்கள், பெங்களூருக்குச் சென்னையின் கடல் காற்று இல்லை என்றாலும் செப்டம்பர் மழையின் ஈரம் போதும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவுக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் ஓரிரு வருஷம் கரண்ட் காணாமல் கிடந்தால், நேராக 415 வோல்ட் கொடுக்கக் கூடாது. கம்பெனி சொல்லும் முறைப்படி மெதுவாக வோல்டேஜ் ஏற்றிப் பழக்க வேண்டும். டப்பாமேல் தயாரிப்புத் தேதியைப் பெரிதாக எழுதி, கடைசியாக எப்போது கரண்ட் கொடுத்தோம் என்பதையும் எழுதுங்கள்.

ரிப்பேர் ஆகி வந்த சாமான்கள் தனிப் பிரச்சினை. ரீவைண்டிங் முடிந்து வந்த மோட்டாரும், போக வேண்டிய மோட்டாரும் ஒரே மூலையில் ஒரே அழுக்கோடு கிடக்கும். பச்சை டேக், சிவப்பு டேக். பச்சை டேக் கட்டுவதற்கு முன் ஃபேன் இருக்கிறதா, டெர்மினல் பாக்ஸ் மூடி இருக்கிறதா, பேரிங் மாற்றப்பட்டதா, நோ-லோடு கரண்ட் எவ்வளவு என்று எழுதின தாள் ஒன்று அதோடு வர வேண்டும். ஃபேன் கவர் இல்லாமல் வந்த மோட்டார் ஸ்பேர் ஆகாது.

சரி, இத்தனையும் செய்த பிறகு தள்ளுபடிக்கென்று ஒரு பட்டியல் மிஞ்சும். விற்றுப் போன மெஷினின் பாகங்கள், ஆயுள் முடிந்த ரப்பர், இரட்டைக் கோடில் மிகுந்தவை. முதலில் அதே கம்பெனியின் வேறு ஆலைக்கு வேண்டுமா என்று கேளுங்கள், பிறகு விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று. பிரிக்காத சரக்கை, விலையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. கழிவாக விற்பது கடைசி. கணக்கிலிருந்து அப்படியே ரைட்-ஆஃப் செய்தால், வாங்கும்போது எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், சட்டத்தின் 17(5) பிரிவு அப்படிச் சொல்கிறது. பில் போட்டு விற்றால் விற்பனைக்கு வரி. எது லாபம் என்பதை அக்கவுன்ட்ஸோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், கழிவு வண்டி வருவதற்கு முன்பு.

அக்கவுன்ட்ஸில் இன்னொரு வழியும் காட்டுவார்கள். இந்தியக் கணக்கியல் தரநிலை 16-இன்படி (இண்ட் ஏஎஸ் 16), ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படும் பெரிய ஸ்பேர்களைச் சரக்கில் காட்டாமல் நிலையான சொத்தில் காட்டலாம். தகுதி இருந்தால் அப்படித்தான் காட்டவும் வேண்டும். சர்வோ டிரைவ், கியர்பாக்ஸ் எல்லாம் அங்கே போனால் சரக்கு எண் ஒரே நாளில் கணிசமாக இறங்கும். சட்டப்படி சரி. ஆனால் ரேக்கிலிருந்து ஒரு நட்டுகூட நகரவில்லை, ஒரு ரூபாயும் கைக்கு வரவில்லை என்பதை பிளான்ட் ஹெட்டிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 30 சதவீதத்தில் இதை ஒளித்துக் காட்டினால் அடுத்த வருஷம் அதே நாற்காலியில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உண்மையான எண்ணிக்கையும் முக்கியம். சரக்கு வகை ஒன்றில் மொத்தமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால் ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுத வேண்டும் என்று ஆடிட்டர் அறிக்கைக்கான காரோ 2020 உத்தரவு சொல்கிறது. பீரோக் கணக்கைச் சேர்க்கும்போது வித்தியாசம் மேல்பக்கம் வரும், அதையும் முன்கூட்டியே அவரிடம் பேசுங்கள்.

மார்ச்சுக்குள் எண் இறங்க வேண்டும் என்றால், வேகமான வழி வாசலை அடைப்பது. இன்னும் வராத ஆர்டர்களை எல்லாம் பிரிண்ட் எடுங்கள். தானாக ஆர்டர் போகும்படி என்றோ யாரோ வைத்த மினிமம்-மேக்ஸிமம் எண்களால் வருபவை அதில் ஏராளமாக இருக்கும். பெயர் சேர்ப்பு முடியும் வரை அந்தத் தானியங்கி ஆர்டரை நிறுத்தி, கன்ஸ்யூமபிள் தவிர மற்றவற்றுக்கு ஒரு ஆள் கையெழுத்துப் போட்ட பிறகே போகட்டும். இருப்பதிலிருந்து எடுத்துச் செலவாகச் செலவாக எண் தானாக இறங்கும், யாரோடும் சண்டை வேண்டாம்.

கடைசியாக அந்தத் தள்ளுபடிப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று கட்டம் வையுங்கள்: இது இல்லாமல் எந்த மெஷின் எத்தனை நாள் நிற்கும், மறுபடி வாங்க எவ்வளவு ஆகும், சம்மதம். சம்மதக் கட்டத்தில் மெயின்டனன்ஸ் மேனேஜரும் பிளான்ட் ஹெட்டும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஸ்டோர்ஸ் அல்ல. இரண்டு கையெழுத்தும் விழாத வரியை மார்ச்சுக்காகத் தொடாதீர்கள்.